செருகுநிரல் அட்டவணை

செயற்கை நுண்ணறிவு முகவர்க்குப் புதுத்திறன் சேர்ப்பன செருகுநிரல்கள். 2025 அக்டோபரில் இவ்வசதி பெற்ற கிளாட் கோட் என்னும் கருவியில், நிறுவியவற்றைக் காண விழைவார் ‘கிளாட் பிளக்கின் லிஸ்ட்’ என ஆணையிடல் வேண்டும். பெயர், பதிப்பு, பெறப்பட்ட சந்தை, இயங்குநிலை ஆகியன தோன்றும்.

ஈண்டு மயங்குதற்கு இடமுண்டு. நிறுவப்பெற்றது வேறு, இயங்குவது வேறு. நிறுத்திவைத்ததும் அட்டவணையில் நிற்கும். கையேடு வரைவோர் இவ்வேறுபாட்டை முதற்கண் கூறுதலே தக்கதென்பது எம் கருத்து. என்னையெனின், செருகுநிரலுள் அடங்கிய கொக்கிகள் நம் கணினியில் நமக்குள்ள உரிமையோடே ஆணைகளை நடத்த வல்லன. அவ்வாணைகளையோ அட்டவணை காட்டாது. செருகுநிரலின் பாயிரம் எனத்தகும் ‘பிளக்கின்.ஜேசன்’ கோப்பிலும் பெயரொன்றே கட்டாயம். ஆக்கியோன் பெயர் விடுபடலாம். (நன்னூலார் இதனைப் பொறார்!) ஆதலின், அட்டவணையில் அறியாப் பெயரொன்றைக் காண்போமாயின், முதலில் அதனை நிறுத்திவைத்து, அதன் கோப்புகளைத் திறந்து படித்த பின்னரே மீள இயக்குவோமாக.