விரலுக்குத் தெரியும் ஓஸின் வயது

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை வெயிலில், அம்மாவை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பாதி மலை ஏறியிருப்போம். வண்டிக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவதுபோல ஒரு இனிப்பு வாடை வந்தது. கீழே யாரோ காய்ச்சுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வளைவில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானட் இடுக்கில் இருந்து வெள்ளைப் புகை எழுந்தது.

வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறக்கத் துணியோடு கையை நீட்டினேன். எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லாரி நின்றது. டிரைவர் கத்திக்கொண்டே குதித்தார்: "சார், மூடியில கை வைக்காதீங்க! மூஞ்சி வெந்துரும்!"

அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது பிறகுதான் புரிந்தது. மூடி பூட்டியிருக்கும்போது உள்ளே, வெளிக்காற்றைவிடக் கிட்டத்தட்ட 1 பார் கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகினால் அழுத்தம் போய், அந்த நொடியே கொதித்து மேலே பீறிடும்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். ரேடியேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் மேல் ஓஸ், இன்ஜின் பக்கக் குழாய்க் கழுத்தில் வெடித்திருந்தது. டிரைவர் வெடித்த பகுதியை ஒரு அங்குலம் பிளேடால் அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டிக் கிளிப்பை முறுக்கினார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விடலாம். "கோயிலுக்கு அப்புறம் போய்க்கலாம்மா, இப்போ மெதுவா இறங்கிடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காசு வாங்காமல் போனார்.

அறுத்த அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே புது டயர்போலக் கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. உள்ளே, நீளவாக்கில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். அவற்றில் ஒன்று ரப்பருக்குள் ஓடும் நூல் வரைக்கும் இறங்கியிருந்தது. மாதாமாதம் பானட்டைத் திறந்து கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓஸ் உள்ளிருந்துதான் கெடுகிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. கூலன்ட் வழியே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டம் ரப்பரை உள்ளிருந்து அரிக்கிறது. அதிலும் கழுத்தில் மாட்டியிருக்கும் இரு முனைகளை ஒட்டித்தான் அரிப்பு அதிகம்.

அதற்குப் பிறகு ஓஸை நானே மாற்றக் கற்றுக்கொண்டேன். கற்றதைச் சொல்கிறேன்.

அழுத்திப் பாருங்கள்

மாதம் ஒருமுறை, இரவு முழுக்க ஆறிய வண்டியில் ஓஸை முதலில் நடுவில் அழுத்துங்கள், பிறகு கிளிப்பை ஒட்டி அழுத்துங்கள். இரண்டு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முனை மட்டும் கொழகொழவென்று அமுங்கினாலோ, உள்ளே நறநறவென்று உடைவது விரலுக்குத் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். உப்பியிருந்தாலும், கல்போல இறுகியிருந்தாலும், கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருந்தாலும் அப்படியே. இன்ஜின் ஆயில் கசிந்து படும் ஓஸ் சீக்கிரம் ஊறிப்போகும். ஓஸை மாற்றுவதோடு ஆயில் கசிவையும் அடைத்துவிடுங்கள்.

எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் நான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறேன். ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயதுதான்.

கழற்றும்போது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றும். அடியில் அகலமான பேசினை வைத்துக் கூலன்ட்டை வடியுங்கள். அது இனிக்கும்; ஆனால் விஷம். குழந்தையோ நாயோ வாய் வைக்க விடாதீர்கள், மண்ணிலும் ஊற்றாதீர்கள். கிளிப் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓஸ் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு வராது. அங்கேதான் அவசரப்படக் கூடாது. இப்போதைய ரேடியேட்டர்களின் கழுத்து பெரும்பாலும் பிளாஸ்டிக். பிளேயரால் பிடித்துத் திருகினால் முறிந்துபோகும். அப்புறம் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். பழைய ஓஸ் எப்படியும் குப்பைக்குத்தான். பிளேடால் நீளவாக்கில் மெல்லக் கீறி, வாழைப்பழத் தோல்போல உரித்து எடுங்கள். கழுத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

பழைய ஓஸைக் கையோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எடுத்துப் போய், புதியதோடு சேர்த்துப் பிடித்து வளைவையும் நீளத்தையும் ஒப்பிடுங்கள். நேர்க்குழாயை வளைத்து மாட்டினால் மடிந்து ஓட்டம் அடைபடும். கழுத்தில் படிந்த உப்பைத் துடைத்துவிட்டு, கிளிப்பை ஓஸில் முதலிலேயே கோத்துக்கொள்ளுங்கள். வழுக்கலுக்குக் கொஞ்சம் கூலன்ட்டைத் தடவினால் போதும். கிரீஸும் ஆயிலும் இந்த ரப்பருக்கு ஆகாது.

கழுத்தில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் அழுத்தம் ஏறும்போது ஓஸ் கழன்றுவிடும். திருகும் கிளிப்பை ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள். கிளிப்பே ரப்பரை அறுத்துவிடும்.

நிரப்பும்போது

எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். டிஸ்டில்ட் வாட்டரையும், வண்டிக் கையேட்டில் சொன்ன கூலன்ட்டையும் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். வேறு வகைக் கூலன்ட்டைச் சேர்க்காதீர்கள்.

காற்றை வெளியேற்றாவிட்டால் புது ஓஸ் போட்டும் இன்ஜின் சூடேறும். பேட்டரியை மாட்டி, ஆறிய இன்ஜினில் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மேல் ஓஸை அவ்வப்போது பிசைந்துகொடுத்தால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஓஸ் சட்டென்று சூடாகும், மட்டம் இறங்கும். நிரப்பி, குமிழ் நின்றதும் மூடுங்கள். காற்றை வெளியேற்றத் தனித் திருகு உள்ள வண்டியானால் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். மறுநாள் காலை, ஆறிய வண்டியில் மட்டத்தையும் கிளிப்பையும் மறுபடி பாருங்கள்.

ஓட்டும்போது இனிப்பு வாடை வந்தால் முள்ளுக்காகக் காத்திருக்காதீர்கள். கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். முள் உண்மையைச் சொல்லாது. உடனே நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினாலும் ஹெட் வளைந்துபோகலாம்.

அடுத்த மாதமே புது ஓஸோடு எழுபது வளைவும் ஏறி, அம்மா சாமி கும்பிட்டார். சில நூறு ரூபாய் ரப்பர் அது. ஆனால் அதை நம்பித்தான் மொத்த இன்ஜினும் இருக்கிறது. நாளைக் காலை, வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் தூக்கி, கிளிப்பை ஒட்டி இரு ஓஸையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.