படைவீரரும் குற்றவாளிக் கூண்டும்

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தின் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும். கீமேன் தினமும் நடந்து பார்த்திருப்பார். ஆனாலும் ஒரு குளிர்கால விடியற்காலையில் அது உடைந்து கிடக்கும். உடைந்த முகத்தைப் பார்த்தால், உள்ளே வெகுநாளாக ஒரு விரிசல் வளர்ந்து வந்திருப்பது தெரியும். ஓடிய சக்கரங்களின் பாரம் செய்த வேலை அது. கண்ணுக்குத் தெரியாத இந்த விரிசலைப் பிடிக்கத்தான் ஒலியலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை வந்தது.

மனித மனத்திலும் இப்படி விரிசல் உண்டு. போர்முனையிலிருந்து திரும்பிய சிலர் பின்னாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்வது ஏன்? அதற்கு அமெரிக்காவில் கண்ட வழி என்ன? இவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நோய்க்குப் பெயர் வந்த கதை

முதல் உலகப் போரின்போது பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள் சிலர் காயமே இல்லாமல் நடுங்கினர், பேச்சிழந்தனர். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை ‘ஷெல் ஷாக்’ என்று குறிப்பிட்டு எழுதினார். ஆனால் ராணுவ நீதிமன்றங்கள் பல சமயம் இதை நோயாகப் பார்க்கவில்லை. படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக அந்தப் போரில் பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளைச் சேர்ந்த 306 பேர் தங்கள் தரப்புத் துப்பாக்கிகளாலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 2006இல்தான் பிரிட்டன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது.

வியட்நாம் போருக்குப் பின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரைச் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று இதைச் சொல்லலாம். நடந்த கொடுமை கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வரும். அதை நினைவூட்டும் எதையும் மனம் ஒதுக்கும். உடல் எப்போதும் எச்சரிக்கையாகவே இருக்கும். பட்டாசுச் சத்தம் குண்டுச் சத்தமாகக் கேட்கும். போர்க்களத்தில் உயிரைக் காத்த அதே பழக்கம் வீட்டில் சண்டையாகவும் சாலையில் வெறிவேகமாகவும் மாறும். தூக்கத்துக்காகக் குடி, வேலை இழப்பு, குடும்பப் பிரிவு, பிறகு போலீஸ் என்று படிப்படியாக இறங்குகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் குற்றம் எதுவும் செய்யாமல் நல்லபடி வாழ்கிறார்கள். ஆனால் 1980களில் வியட்நாம் வீரர்களைப் பற்றி நடந்த தேசிய ஆய்வில், போர்முனைக்குப் போன ஆண்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது தெரியவந்தது. நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரு முறையாவது கைதானவர்கள். 2011–12இல் அமெரிக்கச் சிறைகளில் இருந்தவர்களில் 8 சதவீதத்தினர் முன்னாள் படைவீரர்கள் என்று அரசுக் கணக்கு கூறியது.

யாரும் கேட்காத கேள்வி

ஜார்ஜ் போர்ட்டர் என்பவரின் வழக்கு இதற்குப் பாடம். பதினேழு வயதில் ராணுவத்தில் சேர்ந்து கொரியப் போரில் குனு-ரி, சிப்யோங்-நி ஆகிய இரு கடும் போர்களில் நின்றவர் அவர். காயமடைந்தார், பதக்கங்களும் பெற்றார். ஊர் திரும்பியபின் இரவில் கத்தியோடு படுக்கையறைச் சுவரில் ஏற முயன்றிருக்கிறார். 1986இல் ஃபுளோரிடாவில் தன் முன்னாள் தோழியையும் இன்னொருவரையும் சுட்டுக் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

செய்தது கொடிய குற்றம். இரண்டு உயிர்கள் போயின. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் தண்டனை விசாரணையில் அவருக்காக வாதிட்ட வழக்கறிஞர் அவருடைய ராணுவப் பதிவேடுகளைத் தருவிக்கவில்லை, குடும்பத்தாரையும் விசாரிக்கவில்லை. அந்தப் போர்களில் அவர் பட்டதைத் தண்டனை முடிவு செய்தவர்கள் அறியவே இல்லை. 2009 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைப் பெருங்குறை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. போர்முனையில் பணியாற்றியது மட்டுமல்ல, அது அந்த மனிதரின் மனத்தை என்ன செய்தது என்பதும் தண்டனைக்கு முன் கேட்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். குற்றம் நடந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பஃபலோ நகரில் நடந்தது

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ராபர்ட் ரஸ்ஸல் என்ற நீதிபதி மனநல வழக்குகளை விசாரித்து வந்தார். 2006இல் ஒரு நாள், வியட்நாம் போரில் இருந்த ஒருவர் அவர் முன் தலை குனிந்து நின்றார். எதைக் கேட்டாலும் முணுமுணுப்புதான் பதில். ரஸ்ஸல் கண்டிக்கவில்லை. நீதிமன்றத்தில் இருந்த வேறு இரு வியட்நாம் வீரர்களை அழைத்து, அவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசச் சொன்னார். திரும்பி வந்தபோது அந்த மனிதர் கைகளைப் பின்னால் கட்டி அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். இனி முயற்சி செய்கிறேன் என்றார்.

இந்த அனுபவத்திலிருந்து 2008 ஜனவரியில் அங்கே படைவீரருக்கென்று தனி நீதிமன்றம் பிறந்தது. இன்று இத்தகைய திட்டங்கள் அந்நாட்டில் 600க்கும் மேல் உள்ளன. அவை செயல்படும் முறை இது:

1. கைதானவர் படையில் இருந்தவரா என்று தொடக்கத்திலேயே கேட்கிறார்கள்.

2. தகுதியுள்ளவர் சம்மதித்தால் சிறைக்குப் பதில் சிகிச்சை. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும். அடிக்கடி நீதிபதி முன் வரவேண்டும். போதைப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும்.

3. ஒவ்வொருவருக்கும் துணையாக இன்னொரு முன்னாள் வீரர் சம்பளமின்றி இருப்பார்.

4. ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகலாம் அல்லது தண்டனை குறையலாம். தவறினால் பழைய வழக்கு காத்திருக்கிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. படையில் இருந்தவருக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை, அடிபட்ட மனைவிக்கு என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகளே. ஆகவேதான் பல இடங்களில் கொலை போன்ற கடும் குற்றங்களை இங்கே ஏற்பதில்லை. நோய் குற்றத்தை விளக்கும், அழித்துவிடாது.

நமக்கு என்ன பாடம்?

நம் குடியிருப்புகளின் வாசலில் காவலுக்கு நிற்பவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இருப்பார்கள். ஒருவர் தூங்காமல் தவித்தால், குடி கூடினால், சிறு சத்தத்துக்கும் சீறினால், ‘மிலிட்டரிக்காரர் அப்படித்தான்’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். அவரோடு பணியாற்றிய பழைய தோழர் ஒருவரைப் பேச வையுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மனஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவியின் எண் 14416. தமிழிலும் பேசலாம்.

தண்டவாளம் உடைந்த பிறகு அதை மாற்றத்தான் முடியும். விரிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வண்டியையும் பயணிகளையும் காப்பாற்றலாம். பஃபலோ நீதிபதி சிலரை நிமிர வைத்தார். அதற்கும் முன்னால், வீட்டு வாசலிலேயே கேட்கவேண்டிய பொறுப்பு நம்முடையது.