மலையோடை நீரின் மூலம்

மலைச்சரிவில் பெருமழை பொழிகின்றது. சிறிது நேரத்தில் அடிவாரத்து ஓடை பெருகுகின்றது. பெருகிய நீர் சற்றுமுன் பெய்த மழைநீரே எனக் கொள்வது இயல்பு. ஆனால், அஃது எப்பொழுதும் உண்மையன்று.

நிலம் உறிஞ்சும் வேகத்தை மழையின் வேகம் விஞ்சும்போது, எஞ்சிய நீர் தரைமேல் வழிந்து வெள்ளமாகின்றது என 1933இல் அமெரிக்க அறிஞர் றொபேட் ஹோட்டன் விளக்கினார். இறுகிய நிலத்துக்கு இது பொருந்தும். காட்டுமண்ணோ பெரும்பாலான மழைகளை முற்றாக உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறாயின், காட்டோடை பெருகுவது எங்ஙனம்?

விடைகாண உதவியது நீரே. நீரின் மூலக்கூறுகளுட் சில, பாரம் கூடிய ஒட்சிசன்-18 என்னும் சமதானியைக் கொண்டவை. அவற்றின் விகிதம் மழைக்கு மழை வேறுபடும். மண்ணில் நாட்பட்டுத் தங்கிய நீரில் அது பல மழைகளின் சராசரியை ஒட்டி அமையும். ஆகவே, ஓடையில் இவ்விரண்டும் கலந்துள்ள அளவைக் கணிக்கலாம். உதாரணமாக, ஓர் அளவுகோலில் பழைய நீர் 10, மழைநீர் 2, ஓடைநீர் 8 எனக் கொள்வோம். 8க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் 6. 10க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் 8. முன்னையதைப் பின்னையதால் வகுக்க முக்கால் வரும். ஓடையில் முக்காற் பங்கு பழைய நீர் என்பது பொருள். மழைநீரும் பழைய நீரும் ஒரே விகிதமுடையனவாயின் இம்முறை பயன்படாது.

நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள மைமாய் என்னும் காட்டுச் சரிவுகளில் இவ்வினா பெரும் விவாதமாயிற்று. மண்ணில் சாயமிட்டு ஆராய்ந்த மோஸ்லி, வேர்த்துளைகள், வெடிப்புகள் வழியே நீர் விரைந்து செல்வதைக் கண்டு, புதிய மழைநீரே ஓடையைப் பெருக்குகின்றது என 1979இல் கருதினார். 1986இல் வெளிவந்த சமதானி ஆய்வுகளோ, ஓடையின் பெரும்பகுதி பழைய நீர் எனக் காட்டின. 1990இல் மக்டொனல் இரண்டையும் இணைத்தார். புதுநீர் வெடிப்புகள் வழியே பாறைமட்டம் வரை விரைந்திறங்குகின்றது; அங்கே பழைய நீருடன் கலந்து நீர்மட்டத்தை உயர்த்துகின்றது; கலந்த நீர் மண்ணிலுள்ள குழாய் போன்ற துளைகளால் வெளியேறுகின்றது. விரைவும் உண்மை, பழமையும் உண்மை.

ஒரு மலையிற் கண்ட விடையை மற்றொரு மலைக்கு அப்படியே ஏற்றுதல் தகாது. எனினும், ஓடையைக் காக்க விழைவோர் அதன் கரையை மட்டுமன்றிச் சரிவின் மண்ணையும் காத்தல் வேண்டும். காடழிந்து மண் இறுகுமாயின், மழை மேலோட்டமாக வழிந்து மண்ணை அரித்துச் செல்லும். கோடையில் ஓடையை ஊட்டவேண்டிய பழைய நீரும் அருகிவிடும். மகாவலி பிறக்கும் நம் மலைநாட்டில் வாழ்வோரும், அதன் நீரால் வயல் விளைப்போரும் மனங்கொள்ளத்தக்க பாடம் இது.