விதைப் பாதுகாப்பில் வசம்பெண்ணெய்

அடுத்த போகத்துக்கென எடுத்துவைக்கும் பயற்று விதை, இடையிலுள்ள சில மாதங்களுக்குள் வண்டரித்துக் கெட்டுவிடுவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். இச்சேதத்தைக் குறைப்பதற்கு, ஈரநிலத்திற் செழித்து வளரும் வசம்பு என்னும் மருந்துப் பூண்டு உதவும்.

எண்ணெயின் இயல்பு

வசம்பின் மணத்துக்குக் காரணம் அதன் வேர்த்தண்டுக்கிழங்கிலுள்ள ஆவிப்பறப்புள்ள எண்ணெயாகும். இந்திய வகை வசம்பின் எண்ணெயிற் பெரும்பகுதி பீற்றா-அசரோன் என்னும் பொருளாகும். இதன் ஆவி பூச்சிகளை விலக்குவதுடன், பெண் வண்டின் சூலகம் வளர்ச்சியடைவதையும் தடுக்கின்றது. ஆகவே, ஆவி பட்ட வண்டு உடனே இறவாவிடினும் அதன் இனப்பெருக்கம் குன்றும்.

பயற்று வண்டு வயலிலேயே முற்றிய காய்களின்மீது முட்டையிடத் தொடங்கும். குடம்பி விதையினுட் புகுந்து பருப்பைத் தின்று, வண்டாகி, வட்டத் துளையிட்டு வெளிவரும். இதற்கு ஏறக்குறைய ஒரு மாதமே செல்லும். விதையினுள்ளிருக்கும் குடம்பியைத் தூள் எளிதிற் சென்றடையாது. எனவே அறுவடை முடிந்து விதை உலர்ந்தவுடனேயே தூளைக் கலத்தல் வேண்டும்.

செய்முறை

1. விதையை வெயிலில் நன்கு காயவைத்து, துளைபட்டவற்றை நீக்கி, ஆறவிடுக.

2. கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி நிழலில் உலர்த்துக. வெயிலிலிட்டால் எண்ணெய் ஆவியாகி வீணாகும். பழைய தூளின் வீரியம் குறையுமாதலால், வேண்டியபோதே இடித்தல் நன்று.

3. 1 கிலோகிராம் விதைக்கு 10 கிராம் தூள் வீதம் சீராகக் கலக்குக.

4. காற்றுப் புகாத மூடியுள்ள கலத்தில் நிரப்புக. சாக்கிலிட்டால் ஆவி வெளியேறிவிடும்.

5. விதைப்பதற்குமுன் 100 விதைகளை ஈரத்துணியிற் சுற்றிவைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்க்க.

விதைநெல்லையும் இவ்வாறே பேணலாம்.

எச்சரிக்கை

உணவுக்கென வைத்திருக்கும் நெல், அரிசி, பயறு ஆகியவற்றுடன் இத்தூளைக் கலத்தலாகாது. பீற்றா-அசரோன் மிகுந்த வசம்பெண்ணெய் ஆய்வுகூட எலிகளிற் புற்றுநோயை உண்டாக்கியதாக அறியப்பட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்கா 1968 ஆம் ஆண்டில் வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. வீட்டு மருந்துதானே என்றெண்ணி, விதைத்து எஞ்சியதைச் சமைத்தலும், கோழிக்கோ மாட்டுக்கோ இடுதலும் கூடா; அதனைப் புதைத்துவிடுக. கலத்தின்மீது ‘விதை மட்டும், உண்ணலாகாது’ என எழுதி ஒட்டுக.

மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.