ஒகேனக்கலுக்குத் தூண்டில் போடப் போகிறீர்களா?

கடத்தூரிலிருந்து நண்பர்களோடு கிளம்பும் முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதல் நாள் இரவே நீர்வரத்தைப் பாருங்கள். கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்தால் ஒகேனக்கலில் வெள்ளம் ஏறும். ஆற்றில் இறங்கத் தடை வரும்.

2. எந்த இடத்தில் மீன் பிடிக்கலாம் என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 முதல் இப்பகுதிக் காடுகள் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயத்தில் அடங்கும். அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்குதான்.

3. விடியுமுன் கிளம்புங்கள். தர்மபுரி, பென்னாகரம் வழியாகப் போய்ச் சேரவே நேரமாகும். வெயில் ஏறினால் மீன் இரை எடுப்பது குறையும்.

4. மண்புழுவை ஈரமண்ணோடு, மூடியில் துளையிட்ட டப்பாவில் வையுங்கள். காய்ந்த புழு நெளியாது. மீனும் திரும்பிப் பார்க்காது.

5. மைதா உருண்டையில் சிறிது பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசையுங்கள். ஓடும் தண்ணீரில் மாவு சட்டென்று கரையாது.

6. ஆளுக்கு ஆள் பத்தடி தள்ளி நில்லுங்கள். வீசும்போது பின்னால் போகும் முள் பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பதம் பார்த்துவிடும்.

7. முழங்கால் தண்ணீரில் நிற்காதீர்கள், கரையோரம் மீன் கழுவாதீர்கள். காவிரியில் முதலைகள் உண்டு.

8. பொம்மீன் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, ஆற்றிலேயே விடுங்கள். காவிரியின் திமில் பொம்மீன் அழிவின் விளிம்பில் இருக்கிறது. உலர்ந்த கை பட்டால் அதன் வழவழப்புப் படலம் உரியும்.

9. அறுந்த தூண்டில் நரம்பைச் சுருட்டி வீட்டுக்கே எடுத்து வாருங்கள். கரையில் கிடந்தால் கொக்கு, நாரையின் காலில் சிக்கும்.