வெறும் ‘விசாரணை’ போதாது

அன்புள்ள தம்பி,

வியாழக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் வந்த உங்கள் வங்கிக் கடன் மோசடிச் செய்தியை மூன்று முறை படித்தேன். செய்தி எழுதுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. அது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் பத்திதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதே ஏஜென்சி செய்தி ஆங்கில நாளிதழிலும் வந்திருக்கிறது. சிபிஐ ‘பிரிலிமினரி என்கொயரி’ பதிவு செய்திருப்பதாக அதில் இருக்கிறது. நீங்களோ ‘வழக்குப் பதிவு செய்து விசாரணையை முடுக்கிவிட்டுள்ளது’ என்று எழுதிவிட்டீர்கள். ‘பதிவு’ என்றதும் கை தானாக ‘வழக்கு’ என்று போட்டுவிடும். ஆனால் சிபிஐயில் பி.இ. வேறு, ஆர்.சி. வேறு. பி.இ. என்றால் புகாரில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கட்டத்தில் யாரும் குற்றம்சாட்டப்பட்டவர் இல்லை, யாரையும் கைது செய்ய முடியாது. முகாந்திரம் கிடைத்த பிறகு போடுவதுதான் ‘ரெகுலர் கேஸ்’ எனும் ஆர்.சி.; அதுதான் எஃப்.ஐ.ஆர். நம் ஊர் ஸ்டேஷனில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு ‘கேஸ் போட்டாச்சு’ என்று நம்பி வீடு திரும்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஏமாறலாம், நாம் ஏமாறக் கூடாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்வதற்குரிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஊழல், வணிகக் குற்றம், மருத்துவக் கவனக்குறைவு, குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் பூர்வாங்க விசாரணைக்கு இடம் விட்டது. இவ்வளவு யோசித்து வரைந்த எல்லையை உங்கள் ஒரு சொல் அழித்துவிட்டது.

அடுத்தது அந்த ‘முடுக்கிவிடுதல்’. ‘லாஞ்ச்ட் எ புரோப்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் நம் ஆட்கள் உடனே முடுக்கிவிடுகிறார்கள். புரோப் என்பது முதலில் புண்ணின் ஆழம் பார்க்க மருத்துவர் செருகிய மெல்லிய கம்பி. பிற்பாடு, ஐந்தே எழுத்து என்பதால் குறுகிய பத்தியின் தலைப்புக்குத் தோதாகிவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. ‘ஆர்டர்ட்’ என்று இருந்தால் உத்தரவு மட்டும்தான் வந்திருக்கிறது, யாரும் இன்னும் ஒரு கோப்பைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு நீண்ட நாள் கோபம் ‘விசாரணை’ என்ற சொல்மீதே. போலீஸ் சாட்சியம் திரட்டுவது ‘இன்வெஸ்டிகேஷன்’. மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ நடத்துவது, ‘டிரயல்’ தவிர, ‘இன்கொயரி’. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த வேறுபாடு 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. நாம் மூன்றையும் விசாரணை என்கிறோம். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கும் கமிஷனும் விசாரணைதான். அதன் அறிக்கை யாரையும் தண்டிக்காது என்பது வாசகருக்கு எப்படித் தெரியும்? புலனாய்வு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதே, தம்பி!

நான் டெஸ்கில் சேர்ந்த புதிதில் கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி. மணமாகி மூன்று வருடம். மாவட்ட நிருபர் ‘இன்குவெஸ்ட்’ என்று தந்தி கொடுத்திருந்தார். ‘கணவரிடம் ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று நான் தலைப்பு வைத்தேன். மறுவாரம் அந்தக் கணவனின் அப்பா பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். “எம்புள்ளைய எதுக்குங்க குத்தவாளின்னு போட்டீங்க?” என்று கேட்டார். மணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் அப்படி இறந்தால் சாவு எப்படி வந்தது என்று ஆர்.டி.ஓ. பார்ப்பது சட்டத்தின் வழக்கம், குற்றவாளியைத் தேடுவது அதன் வேலை அல்ல என்பது அன்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று தொடங்கிய பிடிவாதம் இது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ஏஜென்சியில் இல்லாத கடைசிப் பத்தியை அந்த வங்கிக் கிளைக்கே போய் எழுதியிருக்கிறீர்கள். பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு, ‘பணம் இருக்கா?’ என்று கேட்கக் கூச்சப்பட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள்! நாற்பது வருடத்தில் நான் திருத்திய எந்த வங்கிச் செய்தியிலும் அப்படி ஒரு வரி இல்லை. அது மனம் நிறைத்த எழுத்து.

பி.இ. எப்போது ஆர்.சி. ஆகிறது என்று தேதியும் எண்ணும் கேட்டு வாங்குங்கள். ஆன அன்றைக்கு அந்த வாசலுக்கு இன்னொரு முறை போய்வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டெஸ்க்காரன்