கண் காணாததைக் காட்டிய தகடுகள்

சிவகாசியை அடுத்துள்ளது நாரணாபுரம். வானம் பொய்க்கும் கரிசல் நிலமாதலின், உழவினும் மிகுதியாகப் பட்டாசுத் தொழிலே அவ்வட்டாரத்து மக்கள் பலருக்கு வாழ்வளிக்கிறது. இரவில் அங்கு ஒரு வாணம் ஏறுவதைக் காண்போர், சிறு நெருப்புப் பொறி ஒன்று மேல்நோக்கி விரைவதையும், அது வெடித்துப் பல பொறிகளாகச் சிதறி மறைவதையும் காண்பர். அவ்வாணத்தை ஒருவர் இருவகையாகப் படம் பிடிப்பாராயின், வியப்பான வேறுபாடு தோன்றும். காமிராவை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து எடுத்த படத்தில், பொறிகள் யாவும் அந்தரத்தில் அசைவற்று நிற்கும். மூன்று நான்கு நொடி திறந்து வைத்து எடுத்த படத்திலோ, ஒவ்வொரு பொறியும் தான் சென்ற வழியை ஒரு கோடாக வரைந்து காட்டும். அக்கோடுகள் எல்லாம் ஒரே மையத்தினின்று கிளம்பி, வரவர மண்ணை நோக்கி வளைந்திருக்கும். பூமியின் ஈர்ப்பு அங்கே எழுதிக் காட்டியதுபோல் விளங்கும். வாணத்தை நேரிற் கண்டவர் இவ்விரண்டு காட்சிகளில் ஒன்றையேனும் கண்டவரல்லர்.

கண் ஒரு காட்சியை நொடியின் சிறு பகுதியளவே தாங்கி நிற்கும். அடுத்த காட்சி வந்ததும் முன்னதை இழந்துவிடும். நிழற்படத் தகடோ தன்மேல் விழுந்த ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கும் இயல்புடையது. விரைந்தோடுவதை நிறுத்திக் காட்டவும், மங்கியதைத் திரட்டிக் காட்டவும் அதனால் இயலும். இவ்விரண்டினும் அரிய ஆற்றல் மற்றொன்றும் அதற்கு உண்டு. கண் உணராத ஒளியையும் அது உணரும். 1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ராண்ட்கன் என்னும் செருமானிய அறிஞர், தாம் புதிதாகக் கண்ட எக்ஸ் கதிர்களைத் தம் மனைவியின் கை வழியே செலுத்திப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் அவற்றுள் ஒன்றைச் சூழ்ந்த மோதிரமுமாக மங்கித் தோன்றும் அப்படத்தை அழகியது என்று எவரும் கூறார். எனினும் அதனை ஒருமுறை கண்டவர் மறவார். உயிருள்ள ஒருவரின் எலும்பை உடலைக் கிழிக்காமலே காணலாம் என்பதை அந்த ஒரு படம் உலகிற்கு அறிவித்துவிட்டது.

அறிவியற் படங்களுள் மனத்தில் நிற்பவை பெரும்பாலும் இத்தகையனவே. வண்ணமும் வடிவமும் கண்ணை இழுக்கும் என்பது மெய். ஆயினும், 'இப்படி இருக்கும் என்று எண்ணவில்லையே!' என்று காண்பவரை நிறுத்தும் படமே நிலைக்கிறது. இதற்குச் சிறந்த சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. நாரணாபுரத்திற்கு வடக்கே பழனி மலைத்தொடரின்மேல் கொடைக்கானல் உள்ளது. அங்கே கடல் மட்டத்திற்கு 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 1899-ஆம் ஆண்டில் சூரிய ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் வரலாறு ஒரு துயரத்திற் பிறந்தது. 1876-ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென்னாட்டில் பல லட்சம் உயிர்களைக் கொண்டது. மழை ஏன் பொய்த்தது என ஆராய்ந்தோருள் சிலர், சூரியன் முகத்தில் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவ மழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் எனக் கருதினர். அதனை ஆராய்வதற்குத் தெளிந்த மலை வானம் வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்நிலையத்தார் வானம் தெளிந்த நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்துவரலாயினர். அவற்றுள் ஒருவகை, கால்சியம் என்னும் தனிமத்தின் ஒளியில் மட்டும் எடுக்கப்படுவது. ஒரு தனிமத்தின் ஒளி என்பது யாது? இதனைப் பட்டாசுத் தொழிலாளர் கையளவில் அறிவர். ஸ்ட்ரான்சியம் கலந்த மருந்து செந்நிறமாக எரியும். தாமிரம் நீலமும், சோடியம் மஞ்சளும் தரும். கால்சியம் செம்மஞ்சளாகச் சுடரும். பேரியம் பச்சை நிறம் தருவது. பட்டாசில் அதன் உப்புகளைச் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. இவ்வாறு ஒவ்வொரு தனிமமும் ஒளியில் தனக்கென ஓர் அடையாளம் உடையது. சூரியனின் கடு வெப்பத்தில் கால்சியம் தன் அடையாளத்தை ஊதா நிறத்தின் கடைக்கோடியில், கண்ணுக்கு எட்டியும் எட்டாத இடத்தில், இரண்டு கோடுகளாகப் பதித்து வைக்கிறது. அவற்றுள் ஒன்றற்குக் 'கே' கோடு என்று பெயர்.

கொடைக்கானற் கருவி சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும். பின்பு ஒரு மெல்லிய பிளவின் வழியே அக்கோட்டின் ஒளியை மட்டும் தகட்டிற்கு விடும். சூரிய பிம்பத்தின் குறுக்கே கருவி மெல்ல நகர நகர, கீற்றுக்குக் கீற்றாய்ப் படம் நிறைவுறும். வெறுங்கண்ணிற்கு வெள்ளித் தட்டுப்போல் தோன்றும் சூரியன், அப்படத்தில் வேறு முகம் கொள்கிறது. எங்கும் வலைப்பின்னல் படர்ந்திருக்க, கரும்புள்ளிகளைச் சூழ்ந்து ஒளிமிக்க திட்டுகள் மேகம்போல் பரவிக் கிடக்கும். காந்தப்புலம் வலிமை மிகுந்த இடங்கள் அவையே எனப் பின்னாளில் தெரியவந்தது.

ஆயினும் அந்நிலையத்திற்கு உலகப் புகழ் தேடித் தந்தது இத்தகைய அழகிய படமன்று. 1907-இல் அங்குப் பணியேற்ற ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய அறிஞர், 1909-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு கரும்புள்ளியின் நிறமாலையைப் படம் எடுத்தார். நெடுக்காக நிற்கும் கோடுகள் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவின் வில்சன் மலையில் ஹேல் என்பார் எடுத்த படங்களில், புள்ளிகளைச் சுற்றிப் புயற்சுழி போன்ற வடிவங்கள் அழகுறக் காணப்பட்டன. ஆதலின், கரும்புள்ளியில் வாயுக்கள் சுழன்றோடும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. எவர்ஷெட்டின் தகடு வேறு செய்தி கூறியது. நெருங்கி வரும் பொருளின் ஒளிக்கோடு ஊதாப் பக்கமும், விலகிச் செல்லும் பொருளின் கோடு சிவப்புப் பக்கமும் சிறிது நகரும். நிலையத்தைக் கடக்கும் புகைவண்டியின் ஊதலொலி உயர்ந்து பின் தாழ்வதை ஒத்தது இது. சூரிய விளிம்பை நோக்கிய பக்கத்தில், புள்ளியின் புறநிழலில் கோடுகள் சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தன. நடுவை நோக்கிய பக்கத்தில் ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தன. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவே இருக்கும்போது அச்சாய்வு காணப்படவில்லை. ஆகவே, வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து சூரியப் பரப்பை ஒட்டி நாற்புறமும் வெளியே பாய்கிறது. அதன் விரைவு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். இவ்வளவும் மயிரிழையினும் சிறியதொரு சாய்விலிருந்து அறியப்பட்டது. அந்நிகழ்ச்சி இன்றளவும் 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது. கண்ணைக் கவர்ந்த படம் காட்டியதாக எண்ணப்பட்ட ஒன்றை, எளிய படம் மறுத்துவிட்டது!

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய எளிய படங்களால் ஓர் அரிய காரியம் நடந்தது. கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ் கதிர் செலுத்தி எடுத்த படங்களில் கருமையான சில புள்ளிகளும் வளைவுகளுமே இருந்தன. அவற்றிலிருந்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாசன் என்னும் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என உய்த்துணர்ந்து, 1954-இல் வெளியிட்டனர். படிக்கத் தெரியாதவர்க்கு அப்படங்கள் மை சிந்திய தாளே.

கொடைக்கானல் நிலையம் தோன்றக் காரணமாயிருந்த மழை பற்றிய வினாவிற்கு, அன்றையோர் விரும்பிய எளிய விடை கிடைக்கவில்லை. ஆனால், நாள்தோறும் எடுத்துச் சேர்த்த தகடுகள் வீணாகவில்லை. தனித்தனியே நோக்கின், முந்திய நாட் படத்திற்கும் அடுத்த நாட் படத்திற்கும் பெரிய வேறுபாடு இராது. அதை எடுத்தவருக்கே சலிப்புத் தோன்றியிருக்கும். நூறாண்டுத் தகடுகளை வரிசையாக வைத்தாலோ, பதினோராண்டுச் சுழற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தணிவது தெரிகிறது. சூரியனின் காந்தப்புலத்தை நாடோறும் படமாக அளக்கும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்தன. அதற்கு முன் அப்புலம் எவ்வாறு இருந்தது என்று கேட்போர், கால்சியப் படங்களின் ஒளித்திட்டுகளையே நாட வேண்டியுள்ளது. தகட்டை எடுத்தவர் கேட்டறியாத வினா இது.

இத்தகடுகளும் படச்சுருள்களும் இப்பொழுது இந்திய வானியற்பியல் கழகத்தாரால் கணிப்பொறிப் பதிவுகளாக மாற்றப்பட்டு, உலகத்து ஆராய்ச்சியாளர் எவரும் எடுத்தாளுமாறு வைக்கப்பட்டுள்ளன. பருவ மழைக்கால மேகம் மறைத்த நாட்கள் அவற்றில் இடைவெளிகளாகவே நிற்கின்றன. சில படங்களில் நாளும் நேரமும் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றை அதே காலத்தில் வேறு நாட்டு நிலையங்களில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்தியா விண்கலம், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் மேகமும் இரவும் இல்லாத இடத்தில் நின்று, 'கே' கோட்டின் இணையான 'எச்' கோட்டின் ஒளியிலும் சூரியனைப் படம் எடுக்கிறது. அப்படங்களில் தோன்றும் திட்டுகள் கொடைக்கானலின் பழைய கண்ணாடித் தகடுகளில் காணும் அவ்வொளித் திட்டுகளே.